ஏரிக்கரையில் யாருக்கும் பேர் கிடையாது

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் டூர் என்றால் பழனி, அதை விட்டால் குருவாயூர். சாமி கும்பிடுகிற வேலை இல்லாமல் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் அப்பாவை அப்படித்தான் சொன்னார்கள். அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாளாம். செல்போனில் படம் காட்டி, “நீங்களும் வாங்கம்மா” என்றாள். மஞ்சள் கூடாரங்கள், நாற்காலிகள், மரத்துக்கு மரம் விளக்குச் சரம். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்த அக்கரையைப் பார்த்தேன். அதே ஏரி. மூட்டு வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஏரியின் பேரை நான் எழுதப் போவதில்லை. யார் பேரையும் எழுதப் போவதில்லை. கிழவிக்குத் திமிரைப் பார் என்று நினைக்காதீர்கள், படித்துக்கொண்டே வாருங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு முடிந்திருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மலைமேல் சித்திரபுரத்தில் கரண்டாபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தார். முழுப் பரீட்சை லீவுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி வருஷா வருஷம் கூப்பிடுவார். ஆனால் குவார்ட்டர்ஸ் என்பது ஒரே ஒரு அறை. எஸ்டேட் மேனேஜர் குடும்பம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் என்று மாமா ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது அப்பாவின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“மேனேஜரு என்ன வானத்துல இருந்து குதிச்சவனா? களத்துல நெல்லு மூடற தார்ப்பாய் சும்மாதான கெடக்குது, அதைக் கட்டிப் படுத்துக்கலாம்” என்றார்.

“ஏனுங்க, நாலு பேரு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் புள்ள. பல்லு இருக்கறவன் சிரிக்கறான்.”

அப்படித்தான் கிளம்பினோம். மேனேஜர் குடும்பம் என்ன கொண்டு போகுமோ தெரியாது, நாங்கள் பாதி வீட்டைக் கொண்டு போனோம். பித்தளைக் குடம், அரிசி மூட்டை, தேங்காய், மோர் மிளகாய், அரிக்கேன் விளக்கு, ஒரு கட்டுப் பப்படம். தம்பி தன் நுங்கு வண்டியை விடமாட்டேன் என்று அழுது புரண்டான். உங்களுக்கு நுங்கு வண்டி தெரியும்தானே? சாப்பிட்டுப் போட்ட நுங்குக் கூடு ரெண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோமே, அதுதான். உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ் மலை ஏறுகிற வரை அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியெல்லாம் செம்மண்.

தம்பிக்குக் காது ரெண்டும் விரிந்து நிற்கும், சுட்ட பப்படம் மாதிரி. அதனால் நான் அவனைப் ‘பப்படக்காதா’ என்பேன். எனக்கு முன்பல் விழுந்து முளைக்கத் தாமதமாகிவிட்டது, அவன் என்னை ‘ஓட்டப்பல்லு’ என்பான். இதற்காக ரெண்டு பேருமே அடி வாங்கியிருக்கிறோம். இந்தப் பட்டப்பேர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஏற்பாடு செய்திருந்த ஜீப் ஏரிக்கரையில் நின்றபோது வெயில் இருந்தது. கோடை என்பதால் தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. கரையெல்லாம் சிவப்புச் சேறு, அதில் எப்போதோ வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு நின்றன. கரையில் சில, இடுப்பளவு தண்ணீரில் சில. தம்பி ஜீப் நிற்கும் முன்பே குதித்துவிட்டான். அப்பா அவன் பேரைச் சொல்லி ஓர் அதட்டல் போட்டார். அவருக்கு வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பேர் ஏரியைத் தாண்டிப் போய், அக்கரையில் முட்டி, சாவகாசமாகத் திரும்பி வந்தது.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மா பிறந்த ஊர் கொல்லங்கோட்டுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரம். அங்கே மாடு ஓட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இறங்கி வந்து ஊர் எல்லையை மிதித்த பிறகுதான் பேர். மலைக்குப் பேர் தெரிந்துவிட்டால் அது கூப்பிட ஆரம்பித்துவிடும் என்பார்கள். அம்மா எங்கள் இருவரையும் தண்ணீர் ஓரமாக நிற்கவைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

“இங்க இருக்கற வரைக்கும் ஆரும் ஆரு பேரையும் சொல்லக் கூடாது. கண்ணு, சாமி, அம்மிணி, அவ்வளவுதான். பேரச் சொல்லி ஆரு கூப்புட்டாலும் ஏன்னு கேக்கப்படாது. என்ற கொரலாவே இருந்தாலும் கேக்கப்படாது. எந்தப் பக்கமிருந்து கூப்புடுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடி ஒளிஞ்சுக்கோணும். தெரிஞ்சுதா?”

தம்பி தலையை ஆட்டினான். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரும் அதே ஊரில் பிறந்தவர்தான், கரண்டு வேலைக்குப் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அப்பா, “உனக்கு இதுல என்ன கஷ்டம்? ஊர்லயே என்ற பேர நீ சொன்னதில்லை” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அதட்டலில் போன பேர் போனதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மாமா எங்களுக்கு எதிரொலி காட்டினார். “ஓய்” என்றால் அக்கரை “ஓய்” என்றது. அப்பா இருமினால் இருமியது. நான் கத்தினேன், என் குரல் வந்தது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கத்தினான். ஏரி சும்மா கிடந்தது.

“சின்னக் கொரலு, அவ்வளவு தூரம் எட்டாதுடா” என்றார் மாமா. நானும் சின்னக் குரல்தானே, என் குரல் வந்ததே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சோறு ஆகிவிட்டது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. தார்ப்பாய்க்குள் படுத்தால் எங்கள் களத்து நெல் வாசம் வந்தது, குளிரில் அதை முகர்ந்துகொண்டு தூங்குவது சொர்க்கம். காலையில் ஏரிமேல் ஆவி எழும். அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூண்டிலோடு உட்காருவார், ஒரு மீனும் மாட்டாது. அணைப் பக்கத்து வாச்சர் ஒருவர் தினமும் வந்து பீடி பிடித்தபடி, “மீனுக்கும் மேனேஜர் மேலதான் மரியாதை போலருக்குய்யா” என்று சீண்டிவிட்டுப் போவார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எஸ்டேட்டில் செட்டிலான குடும்பம். தம்பி சேற்றில் நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டே இருப்பான். கரை முழுக்க ரெட்டைக் கோடு.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது அந்த ரெட்டைக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. வண்டியோ தார்ப்பாய்க்குள் தம்பியின் கால்மாட்டில் இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “ராத்திரி தண்ணி ஏறியிருக்கும், நேத்துப் போட்ட கோடுதான் முழுகியிருக்குது” என்றார். இருக்கலாம். பெரியவர்களிடம் எதற்கும் ஒரு பதில் இருந்தது அப்போது.

அது நடந்த அன்று மத்தியானம், அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தார்ப்பாய்க்குள் தூங்கினார். மாமா விறகு பொறுக்கப் போயிருந்தார். அம்மா கனலில் பப்படம் சுட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தேன். புகை கண்ணில் ஏறி ரெண்டு பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தோம். இதை நான் அடித்துச் சொல்வேன்: அம்மா அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா விறகோடு ஓடி வந்தார். “அக்கா, கோட எறங்குது, உள்ள வாங்க” என்றார். மலைப் பனிமூட்டத்துக்கு அங்கே கோட என்றுதான் பேர். மலையிலிருந்து வெள்ளையாக வழிந்து வந்து, முதலில் அக்கரை போனது, பிறகு ஏரி போனது, பிறகு எங்கள் அடுப்பே மங்கலாகத் தெரிந்தது. அம்மா நிமிர்ந்து, “சின்னவன் எங்க?” என்றார்.

வண்டிக் கோடு இருந்தது, தம்பி இல்லை.

“கண்ணூ! சாமீ!” என்று அம்மா கூப்பிட்டார். பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார். ஊரில் எல்லாப் பிள்ளையும் கண்ணுதான், எல்லாப் பிள்ளையும் சாமிதான். குரலும் அந்தப் பனிக்குள் போய் அமுங்கி, யாருடையது என்றே தெரியாமல் ஆகிவிட்டது. சத்தம் கேட்டு வந்த வாச்சர், “ரோட்டுப் பக்கமா ஒரு உருவம் போன மாதிரி இருந்துச்சு, அங்கிட்டுப் பாருங்க” என்று கை காட்டினார். மாமா ரோட்டுக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. வாச்சர் என்னத்தைப் பார்த்தாரோ.

அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் நேராகத் தம்பியின் பேரைச் சொல்லிக் கத்தினார்.

அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். “பேரச் சொல்லாதீங்க! உங்க கால்ல உழுகறேன், சொல்லாதீங்க!”

“அட அக்கட்டால போ! புள்ளையக் காணமிங்கறேன், இப்பப் போயி உன்ற சாஸ்திரம்!” அவர் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் கத்தினார். மாமாவும் ரோட்டிலிருந்து அதே பேரைக் கத்திக்கொண்டு வந்தார். மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. இடப்பக்கம், வலப்பக்கம், தண்ணீர்மேல், எங்கள் தலைக்குப் பின்னால், எங்கே திரும்பினாலும் தம்பியின் பேர். யார் கூப்பிடுகிறார்கள், எது திருப்பிச் சொல்கிறது என்று பிரிக்க முடியவில்லை. நடுவில் மாமாவும் அப்பாவும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். பேர் மட்டும் இன்னும் ரெண்டு தடவை கேட்டது.

அதற்குப் பிறகு அம்மாவாலும் பொறுக்க முடியவில்லை. தலையிலடித்துக்கொண்டு அவரும் பேரைச் சொல்லிக் கத்திவிட்டார். பெற்ற வயிறு, என்ன செய்யும்?

அப்போதுதான் தண்ணீரில் ‘களுக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கத்துகிற பெரியவர்களுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஐயோ, அவன் எங்கும் தொலையவில்லை. சொன்னபடி ஒளிந்துகொண்டிருக்கிறான். இவர்கள் கூப்பிடக் கூப்பிட உள்ளே உள்ளே போகிறான்.

நான் என்ன சொன்னால் நான் என்று அவனுக்குத் தெரியும்? யோசித்தெல்லாம் செய்யவில்லை. வாயில் வந்தது.

“டேய் பப்படக்காதா!”

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. “புள்ளையக் காணம், உனக்குக் கேலியா?” காது கும்மென்று அடைத்தது. அடைத்த காதோடு மறுபடியும் கத்தினேன், “டேய் பப்படக்காதா! பப்படக்காதா!”

ஏரி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னதே, அதை மட்டும் சொல்லவில்லை.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து, மிக அருகில், அழுகையும் கோபமுமாக ஒரு குரல் வந்தது. “போடீ, ஓட்டப்பல்லு!”

தண்ணீருக்குள் நின்ற ஓர் அடிக்கட்டையின் பின்னால், வேரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவில் இருந்தான். உதடு நீலம் பாய்ந்து, பல் தந்தியடித்தது. அப்பா வேட்டியோடு இறங்கித் தூக்கப் போனார். தம்பி அவர் கையைக் கடித்துவிட்டான். அம்மா கை நீட்டினார், அவரிடமும் வரவில்லை. பேர் சொன்ன யாரிடமும் அவன் வரவில்லை. நான் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் வேரை விட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

தார்ப்பாய்க்குள் கம்பளி சுற்றி, சூடாகக் கஞ்சி கொடுத்த பிறகு அம்மா கேட்டார், “ஏஞ்சாமி தண்ணிக்குள்ள போன?”

“நீங்கதான கூப்புட்டீங்க. பேரச் சொல்லி.”

“அது உங்கப்பா கண்ணு, உன்னத் தேடி…”

“அதுக்கு மிந்தி. கோட வாறதுக்கு மிந்தி. நீங்க அடுப்புப் பக்கமிருந்து கூப்புட்டீங்க. நீங்கதான எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னீங்க? அந்தப் பக்கம் தண்ணிதான் இருந்துச்சு.”

அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தோம்.

மாமா குழந்தை ஏதோ உளறுகிறது என்றார். அப்பா கடிபட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குள் மட்டும் ஒன்று ஓடியது. அன்றைக்கு அம்மா தண்ணீர் ஓரம் எங்களை நிற்கவைத்து விதி சொன்னபோது, கேட்டது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பொழுது இறங்குவதற்குள் ஜீப் வந்தது. நுங்கு வண்டியைக் கரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. ஜீப் ஏரியைச் சுற்றி அக்கரை வழியாகப் போனபோது கோட விலகியிருந்தது. தம்பி என் கையைச் சுரண்டி வெளியே காட்டினான். அங்கே தண்ணீர் ஓரத்தில், ஓர் அடிக்கட்டையில் கவட்டைக் கம்பைச் சாய்த்துவைத்தபடி, அவன் வண்டி நின்றுகொண்டிருந்தது. “மெதந்து வந்திருக்கும்” என்றார் அப்பா. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தம்பிகூடக் கேட்கவில்லை.

அந்தத் தார்ப்பாயை அம்மா வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. அந்தப் போகத்துக்கு அப்பா கடன் வாங்கிய தார்ப்பாயால் நெல் மூடினார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தம்பியைச் சேர்த்துவிட்டோம். கொஞ்ச நாளில் வாத்தியார் ஆள் விட்டார், பையனுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, ஆஜர் எடுக்கும்போது பேர் கூப்பிட்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான் என்று. பாலக்காட்டில் காது டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கவட்டை மாதிரி ஓர் இரும்பைத் தட்டி அதிரவைத்துக் காதருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “செவிக்கு ஒரு கொழப்பமும் இல்ல, அவனுக்குப் பிடிவாதம்” என்றார். அப்பா அந்தப் பிடிவாதத்தை அடித்து எடுக்கப் பார்த்தார். இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வந்த பிள்ளையை அடித்துப் பேருக்குப் பழக்கியிருக்கிறோம்.

பழகிவிட்டான். பேருக்கு ‘உள்ளேன்’ சொன்னான், படித்தான், கல்யாணம் செய்தான். நான் மட்டும் இன்றுவரை அவன் பேரைச் சொன்னதில்லை. அவன் கல்யாணப் பத்திரிகையைக்கூட மற்றவர்கள்தான் வாசித்தார்கள்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். “அம்மிணி, அன்னிக்கு நா வாயத் தொறந்தனா?”

“இல்லீங்கம்மா. பப்படம்தான் சுட்டுட்டு இருந்தீங்க.”

“நெசமா?”

“நெசமாலுமுங்கம்மா.”

சித்த நேரம் கண்ணை மூடுவார். பிறகு மறுபடியும் கேட்பார்.

அம்மா போய்விட்டார், அப்பா அதற்கு முன்பே. மாமாவும் இல்லை. தம்பி மனைவியை இழந்து, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, சித்தூரில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறான். நான் கோயமுத்தூரில். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் போன் செய்வேன். எடுத்ததும் ஹலோ கிடையாது. “டேய் பப்படக்காதா” என்பேன். “சொல்லு, ஓட்டப்பல்லு” என்பான். எனக்கு இப்போது எல்லாமே கட்டிய பல், அவனுக்கு ஒரு காதில் மெஷின். வேலைக்காரி கேட்டால் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நேற்று அவன்தான் முதலில் கூப்பிட்டான். மத்தியானம், நேரமில்லாத நேரம்.

“அக்கா, நீ இங்க வந்தியா?”

“நா எங்கடா வாறது, முட்டி வலியோட? ஏன்?”

“இல்ல… வாசப்பக்கமிருந்து உன்ற கொரலு. பேரச் சொல்லிக் கூப்புட்டுது. அச்சு அசல் நீதான்.”

“நீ என்ன பண்ணுன?”

“எந்திரிச்சு கொல்லப்பக்கம் ரெண்டெட்டு வெச்சுட்டேன் அக்கா. பழக்கம். அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு, கொல்லைல கெணறு இருக்குது. அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன்.” சிரித்தான். “நீ எந்தக் காலத்துல என்ற பேரச் சொன்ன? அதுக்கு அது தெரியல பாரு.”

நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

மகள் நாளைக்கு ஏரிக்குக் கிளம்புகிறாள். பிள்ளைகளுக்கு நான் விதி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. “ஒருத்தர் கையை ஒருத்தர் விடாதீங்க” என்று மட்டும் சொன்னேன்.

நீங்களெல்லாம் என் வயதுக்காரர்கள், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? எல்லாரும் சாமியிடம் கூடப்பிறந்தவனுக்கு நீண்ட ஆயுளைக் கேட்பார்கள். நான் விளக்கேற்றும்போது வேறு ஒன்றைக் கேட்கிறேன். அவன் எனக்கு முன்னால் போகட்டும், கட்டிலிலேயே, தூக்கத்திலேயே போகட்டும். நான் முன்னால் போனால், அவன் பேரைச் சொல்லாமல் அவனைக் கூப்பிட இந்தப் பூமியில் வேறு ஆள் இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அவனைக் கூப்பிட வேண்டும்.